ஆபாசம் அல்ல, சுரண்டல்: குழந்தைகளின் படங்களும் சர்வதேசப் பயிற்சிகளும்

1

ஒரு குற்றத்துக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது, அந்தக் குற்றத்தில் நாம் யாரைப் பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறது. இணையத்தில் பரவும் குழந்தைகளின் பாலியல் படங்களை நம் நாளிதழ்கள் 'ஆபாசப்படம்' என்கின்றன. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் தொங்குகிற செய்தித்தாள் போஸ்டரிலும் இதே சொல்தான். போலீஸ் செய்திக்குறிப்பிலும், பள்ளிக்கூடத்துக்கு வந்து விழிப்புணர்வு வகுப்பு எடுக்கிறவர் வாயிலும் இதே சொல்தான். இந்தச் சொல்லுக்குள்ளே ஒரு பிள்ளை இருக்கிறதா? பார்க்கிறவனின் கண் இருக்கிறது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டான் என்கிற அருவருப்பு இருக்கிறது. ஊரின் ஒழுக்கம் இருக்கிறது. பிள்ளை மட்டும் இல்லை.

ஆபாசம் என்பது வடமொழி 'ஆபாஸ'த்திலிருந்து வந்தது. அங்கே அதற்குத் தோற்றம், போலித்தோற்றம் என்று பொருள். ரசாபாசம் என்று அணியிலக்கணக்காரர்கள் சொல்வது இந்தப் பொருளில்தான். தமிழுக்குள் வந்து அது அசுத்தமாகி, அருவருப்பாகி, காலப்போக்கில் ஒழுக்கக்கேட்டின் பெயராக நிலைத்துவிட்டது. ஆக, சொல்லின் வேரிலும் கிளையிலும் இருப்பது 'எப்படித் தோன்றுகிறது' என்கிற கேள்விதான். 'என்ன நடந்தது, யாருக்கு நடந்தது' என்ற கேள்விக்கு அதில் இடமே கிடையாது.

2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் (தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா) ஒரு தீர்ப்பில் 'சைல்டு போர்னோகிராஃபி' என்ற சொல்லை இனி நீதிமன்றங்கள் எழுதக் கூடாது என்றது. 'குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல், வன்கொடுமைப் பதிவு' என்று பொருள்படும் சொற்றொடரே வர வேண்டும், நாடாளுமன்றமும் சட்டத்தை அதற்கேற்பத் திருத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2016இல் லக்ஸம்பர்க் நகரில் பல சர்வதேச அமைப்புகள் கூடி ஏற்றுக்கொண்ட கலைச்சொல் வழிகாட்டி நெறிகளும் இதையே சொல்லியிருந்தன. அவர்களுடைய காரணம் எளிமையானது. 'போர்னோகிராஃபி' என்கிற சொல், வளர்ந்தவர்கள் சம்மதித்து நடித்த ஒரு சரக்கைக் குறிக்கவும் பயன்படுகிறது. குழந்தையின் படத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது ஒரு குற்றம் நடந்ததற்கான சாட்சியம்.

நீதிமன்றம் சொல்லை மாற்றிவிட்டது. தமிழ் மாற்றவில்லை. சர்வதேச ஒத்துழைப்பு, நிபுணர் பயிற்சி, தகவல் பரிமாற்றம் என்று எத்தனை பெரிய ஏற்பாடு நடந்தாலும், அது கரிசல்காட்டு வாசலுக்கு வந்து சேரும்போது ஒரு மொழிபெயர்ப்புப் பிரச்சினையாகத்தான் வந்து நிற்கிறது. அந்த மொழிபெயர்ப்பை யார் செய்கிறார்கள், எந்தச் சொல்லாடலுக்குள் வைத்துச் செய்கிறார்கள் என்பதுதான் இங்கே நம் விசாரணை.

2

முதலில் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். செயற்கைக்கோளிலிருந்து யாரோ எட்டிப் பார்க்கிறார்கள் என்கிற மாதிரி நம்மாட்கள் பேசிக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை.

பிடிபட்ட ஒவ்வொரு படத்தையும் கணக்கீட்டின் மூலம் ஒரு நீண்ட எண்ணாக மாற்றி வைக்கிறார்கள். மனிதருக்குக் கைரேகை மாதிரி படத்துக்கு அந்த எண். 2009இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஹனி ஃபரித் என்ற கணினியியல் பேராசிரியரும் சேர்ந்து உருவாக்கிய 'ஃபோட்டோ டிஎன்ஏ' இந்த முறையில் முக்கியமானது. ஒருவர் தன் கணக்கில் படம் ஏற்றும்போது அதன் எண், ஏற்கெனவே உள்ள பட்டியலோடு ஒத்துப்போனால் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அதை வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிற, காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்கு அறிவித்தாக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 1984இல் தொடங்கிய ஒரு தனியார் தொண்டு நிறுவனம் அது. அந்த மையத்தோடு இந்திய தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019 ஏப்ரல் 26 அன்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்பிறகு அங்கிருந்து டெல்லிக்கு, டெல்லியிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து காவல் நிலையத்துக்கு என்று தகவல் இறங்கி வருகிறது.

2023இல் அந்த மையத்துக்கு உலகெங்கிலுமிருந்து வந்த அறிக்கைகள் 3 கோடியே 62 லட்சம். அதில் இந்தியாவோடு தொடர்புடையவை என்று கணிக்கப்பட்டவை ஏறத்தாழ 89 லட்சம். இது இந்தியக் குழந்தைகளின் எண்ணிக்கை அல்ல, குற்றவாளிகளின் எண்ணிக்கையும் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே படம் ஆயிரம் கை மாறினால் ஆயிரம் அறிக்கை.

இந்த எந்திரத்தில் இரண்டு விஷயங்கள் யோசிக்க வைக்கின்றன. ஒன்று, எண்ணை ஒப்பிடும் முறை ஏற்கெனவே தெரிந்த படத்தை மட்டுமே அடையாளம் காணும். நேற்று ராத்திரி ஏதோ ஒரு கிராமத்தில் முதன்முறையாக எடுக்கப்பட்ட படம் அந்தப் பட்டியலில் இருக்காது. புதிய படத்தைக் கண்டுபிடிக்க வேறு மென்பொருள்கள் வந்திருக்கின்றன. ஆனால் அவை ஊகிப்பவை. ஒப்பிட்டு உறுதி செய்பவை அல்ல. அதாவது, பழைய கொடுமையின் பிரதிகளைப் பிடிப்பதில் கெட்டிக்காரத்தனம். இன்று கொடுமைக்குள் இருக்கிற பிள்ளையைப் பொறுத்தவரை அரைக்கண் பார்வை. இன்னொன்று, உலகத்துக் குழந்தைகளின் பாதுகாப்புக்கு வாசற்காவல் நிற்கிற அமெரிக்கா, 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இன்றுவரை உறுதிப்படுத்தாத ஒரே ஐ.நா. உறுப்பு நாடு. 1995இல் கையெழுத்துப் போட்டதோடு சரி. இந்தியா 1992இலேயே அதில் சேர்ந்துவிட்டது. சாவி யார் கையில், உரிமை யார் பேரில் என்பது இதிலேயே தெரிகிறது. அந்த நிறுவனங்கள் ஆதாரங்களை எத்தனை நாள் பாதுகாக்க வேண்டும் என்பதும் அங்கே தீர்மானமாவதுதான். முன்பு 90 நாள். 2024இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு ஓராண்டானது. நம்மூர் ஸ்டேஷனுக்குக் காகிதம் வந்து சேர்வதற்குள் சாட்சியம் அழிந்துபோகுமா இருக்குமா என்பது வாஷிங்டனில் முடிவாகிறது.

இந்தக் குழாய் வழியாகத் தமிழ்நாட்டுக்கு முதலில் வந்த விளைவு 2019 டிசம்பரில் திருச்சியில் நடந்த கைது. அந்த மாதம் முழுக்கத் தமிழ்நாட்டில் என்ன பேச்சு ஓடியது என்பது நினைவிருக்கும். 'ஆபாசப்படம் பார்த்தவங்க லிஸ்ட் போலீஸ்கிட்ட இருக்காம்.' பயமும் கேலியும் கலந்த ஆண்களின் பேச்சு அது. லிஸ்ட்டில் யார் பேர் என்பதுதான் கேள்வி. படத்தில் இருப்பது யார் பிள்ளை என்ற கேள்வி அந்தப் பேச்சுக்குள் நுழையவே இல்லை.

அடுத்தது அம்பத்தூர் வழக்கு. 2020 ஜனவரியில் இதே வழியில் வந்த தகவலின்பேரில் ஓர் இளைஞரின் கைபேசி சோதிக்கப்பட்டது. குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைக் காட்சிகள் அதில் இருந்தன. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தனிமையில் தரவிறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று வழக்கை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு இன்றைய தலைமுறை ஆபாசப்படங்களுக்கு அடிமையாவது பற்றிக் கவலைப்பட்டது. புகை, குடிப் பழக்கங்களோடு அதை ஒப்பிட்டது. தண்டிப்பதைவிட ஆலோசனை தருவது நல்லது என்றது. தனிப்பட்ட முறையில் இரக்கமுள்ள பேச்சுதான். ஆனால் இந்தக் கதையாடலில் மையப் பாத்திரம் யார்? பார்க்கிற இளைஞன். அவன் நோயாளி, அவனுக்குத்தான் சிகிச்சை. காட்சிக்குள் இருந்த பிள்ளை பின்புலத்துக்கும் பின்னால் போய்விட்டது. ஆபாசம் என்கிற சொல்லாடல் இப்படித்தான் செயல்படுகிறது. யார் கெட்டவர், யார் கெட்டுப்போனவர் என்றுதான் அதற்குக் கேட்கத் தெரியும்.

உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ததோடு இன்னொன்றும் சொன்னது. நிறுவனங்கள் அமெரிக்க மையத்துக்கு அறிவித்தால் மட்டும் போதாது, போக்சோ சட்டப்படி இங்குள்ள காவல்துறைக்கும் நேரடியாக அறிவிக்க வேண்டும் என்றது. சொல்லையும் மாற்று, வழியையும் மாற்று என்கிற தீர்ப்பு அது. நம் பத்திரிகைகளில் அது 'ஆபாசப்படம் பார்ப்பதும் குற்றமே' என்ற தலைப்புக்குள் சுருங்கிப்போனது.

3

கரிசலுக்கு 'சர்வதேச அக்கறை' புதிது அல்ல.

ரெண்டு மழை பொய்த்தால் கம்மம்புல்லும் பருத்தியும் போச்சு. பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்கு. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தலைமுறைக் கணக்கில் நடந்தது இது. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் லேபிள் ஒட்டவும் விடியுமுன்னே வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். அதை அன்றைக்கு யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. 'வீட்டுக்கு ஒத்தாசையா நாலு காசு' என்றார்கள். சின்ன விரல்தான் சீக்கிரம் அடுக்கும் என்று முதலாளிமார் நியாயம் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் படம் உலகம் சுற்றியது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அதில் முக்கியமானது. கோவில்பட்டிக்காரரான பூமணி இதே விஷயத்தை 'கருவேலம்பூக்கள்' என்று திரைப்படமாக இயக்கினார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டம் 1992இல் தொடங்கியபோது முதலில் சேர்ந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அந்த வரலாற்றில் நடந்த முக்கியமான மாற்றம் சொல்லில் நடந்த மாற்றம். 'ஒத்தாசை' என்றிருந்தது 'குழந்தை உழைப்புச் சுரண்டல்' ஆனது. அந்தச் சொல்லை ஜெனிவாவிலிருந்து இறக்குமதி செய்து யாரும் நம் தலையில் கட்டவில்லை. தொழிற்சங்கத்துக்காரர்களும் அறிவொளி இயக்கத்து வாத்தியார்களும் எழுத்தாளர்களும் தெருத்தெருவாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கினார்கள். பழகின பிறகு கேள்வி மாறியது. 'ஏன் உன் பிள்ளையை வேலைக்கு அனுப்புறே' என்பது போய், 'இந்த வேலையில் யாருக்கு லாபம்' என்று வந்தது.

1996ஆம் ஆண்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். அந்த ஆண்டு மார்ச்சில் கோவாவில் ஃப்ரெடி பீட்ஸ் என்பவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அனாதை இல்லம் என்ற பேரில் பிள்ளைகளை வைத்து, வெளிநாட்டவருக்கு விற்று, படமெடுத்துக் குவித்தவர். 1991இல் பிடிபட்டபோது அவரிடம் புகைப்படங்களும் நெகட்டிவ்களும் கட்டுக்கட்டாக இருந்தன. அப்போது இணையம் இல்லை, ஆனால் வலைப்பின்னல் இருந்தது. ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில், குழந்தைகள் மீதான வணிக நோக்கிலான பாலியல் சுரண்டலுக்கு எதிரான முதல் உலக மாநாடு கூடியது. டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. மூன்றும் ஒரே ஆண்டு. தெற்கத்திச் சீமையில் நாம் மூன்றாவதை மட்டும்தான் நம் பிரச்சினையாக எடுத்துக்கொண்டோம். முதல் இரண்டும் கோவாவின், கடற்கரையின், வெள்ளைக்காரனின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டோம். 2002இல் மாமல்லபுரத்திலும் 2009இல் சென்னையிலும் ஒரே டச்சு நாட்டவர் இரண்டு முறை கைதானபோதும் (இரண்டாவது முறை இண்டர்போல் வழியாக வந்த தகவலின்பேரில்) அதே எண்ணம்தான்.

ஆனால் சர்வதேசச் சட்டம் இவற்றைப் பிரிக்கவில்லை. 1999இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கை, குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்கள் எவை என்று வரிசைப்படுத்துகிறது. ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்துவது அதில் ஒன்று. பாலியல் படங்கள் தயாரிக்கக் குழந்தையைப் பயன்படுத்துவது இன்னொன்று. ரெண்டும் ஒரே ஷரத்துக்குள் இருக்கின்றன. இந்தியா அதை 2017 ஜூனில் உறுதிப்படுத்தியது. தீப்பெட்டி ஆபீசில் விரல் தேய்ந்த பிள்ளையும், கைபேசி முன்னால் நிறுத்தப்பட்ட பிள்ளையும் அந்தக் காகிதத்தில் அக்கா தங்கச்சி. இரண்டிலும் சின்ன உடம்பிலிருந்து மதிப்பு உறிஞ்சப்படுகிறது. இரண்டிலும் லாபம் வேறெங்கோ போகிறது. இரண்டிலும் குடும்பத்தின் வறுமையும் மௌனமும் மூலப்பொருள். அப்படியிருக்க ஒன்றுக்குச் 'சுரண்டல்' என்றும் மற்றதற்கு 'ஆபாசம்' என்றும் இரண்டு சொல் ஏன்? முன்னதை எதிர்த்துக் கூட்டம் போட்டோம். பின்னதைப் பேச வெட்கப்படுகிறோம்.

4

வெட்கம் என்பது இங்கே சும்மா ஓர் உணர்ச்சி அல்ல. இந்தத் தொழிலின் மூலதனமே அதுதான்.

படத்தைக் காட்டி மிரட்டுகிறவன் எதை நம்பி மிரட்டுகிறான்? படம் வெளியே வந்தால் அசிங்கப்படப்போவது தான் அல்ல, அந்தப் பிள்ளைதான் என்பதை நம்பி. 'வீட்டுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுருவாங்க' என்று பிள்ளை நினைப்பதை நம்பி. ஊர் அதை ஆபாசம் என்று பார்க்கிறவரைக்கும் அவன் கையில் உள்ள சரக்குக்கு விலை உண்டு. ஊர் அதைக் களவு என்றும் காயம் என்றும் பார்க்கத் தொடங்கினால் சரக்கின் விலை விழுந்துவிடும். பொள்ளாச்சியில் 2019இல் வெளிப்பட்ட வழக்கில், பெண்களைப் பல காலம் கட்டிப்போட்டிருந்தது இந்த விலைதான். அங்கே பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை அரசாணையே வெளியிட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்ற தீர்ப்பு 2025 மே 13 அன்றுதான் வந்தது. மிரட்டுகிறவனும் அரசு எந்திரமும் ஒரே 'மானம்' என்ற கருத்துருவத்துக்குள் நின்று இயங்கியதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

மானத்துக்குச் சாதியும் உண்டு. தென்மாவட்டங்களில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பதினேழு வயசுப் பெண்ணும் பத்தொன்பது வயசுப் பையனும் சாதி தாண்டிப் பழகினால், பெண் வீட்டார் கையில் எடுக்கிற முதல் ஆயுதமாகப் போக்சோ ஆகியிருக்கிறது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் விஜயலட்சுமி வழக்கில் இதைக் கவலையோடு குறிப்பிட்டது. பிள்ளையைக் காக்க வந்த சட்டம் சாதியைக் காக்கப் போய்விடுகிறது. இதே பிள்ளைகள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட படம் பற்றியும் கேள்வி இருக்கிறது. 2024 டிசம்பர் 24 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சைபர் குற்ற உடன்படிக்கை, குழந்தைகள் தாங்களே எடுத்த படங்களுக்காக அவர்களையே குற்றவாளியாக்காமல் விலக்களிக்க நாடுகளுக்கு இடம் தருகிறது. நம்முடைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் அப்படியொரு விலக்கு எழுதப்படவில்லை. அந்தப் பிரிவின் மொழியிலும் 'ஆபாசமாக' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. ஏமாற்றப்பட்ட பதினைந்து வயசுப் பெண் ஸ்டேஷன் படியேறப் பயப்படுவதில் என்ன ஆச்சரியம்?

5

இனி நம் பக்கம் திரும்புவோம். நிறப்பிரிகை காலத்திலிருந்து சிறுபத்திரிகைக்காரர்கள் உடல், அதிகாரம், பாலியல் என்று பேசிவருகிறோம். கற்பு, புனிதம் என்கிற கட்டமைப்புகளை உடைத்ததில் அந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கோட்பாட்டு உலகத்துக்குள்ளேயே குழந்தை என்பது ஒரு குருட்டுப் புள்ளியாக இருந்தது. 1977இல் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தில் வயது குறைந்தவர்களோடான பாலுறவு பற்றிய விதிகளைத் திருத்தச் சொல்லிப் போன கடிதத்தில் ஃபூக்கோவும் தெரிதாவும் கையெழுத்திட்டிருந்தார்கள். சட்டம் பாலியலை ஒடுக்குகிறது என்பது அவர்களுடைய வாதம். வளர்ந்தவருக்கும் பிள்ளைக்கும் இடையில் உள்ள அதிகாரம், அதிகாரத்தைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதியவர்களின் கண்ணில் படவில்லை. 2020இல் வனெஸ்ஸா ஸ்ப்ரிங்கோரா தன் சிறுவயது அனுபவத்தைப் புத்தகமாக எழுதியபோதுதான் பிரான்ஸ் உலுக்கப்பட்டது. 2021 ஏப்ரலில், 15 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே கிடையாது என்று அங்கே சட்டம் வந்தது. ஃபூக்கோவைத் தூக்கியெறிய இதைச் சொல்லவில்லை. ஒழுக்கவாதிகளின் சொல்லாடலை நிராகரித்தால் மட்டும் போதும், பிள்ளைக்கு நியாயம் தானாக வந்துவிடும் என்று நினைக்க முடியாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கரிசலிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. இடைசெவல் கி. ராஜநாராயணன் ஊர்ஊராகக் கேட்டுத் தொகுத்த பாலியல் நாட்டார் கதைகளுக்கு 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று பெயர். கழனியூரனோடு சேர்ந்து தொகுத்ததற்கு 'மறைவாய்ச் சொன்ன கதைகள்'. பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. நம் சனங்களிடம் உடம்பைப் பற்றிப் பேச மொழி இல்லாமல் இல்லை, வளமாகவே இருந்தது. ஆனால் அது வளர்ந்தவர்களின் சொத்து, மறைவான சொத்து. பிள்ளைக்கு அதில் பங்கில்லை. தன் உடம்பின் பாகத்துக்கு வசவு வார்த்தை ஒன்று தெரியும், பாடப்புத்தக வார்த்தை ஒன்று தெரியலாம். வலித்தால் அம்மாவிடம் சொல்வதற்கு ஒரு சாதாரண வார்த்தை தெரியாது. 'குட் டச், பேட் டச்' என்று இங்கிலீஷில் சொல்லிக்கொடுக்கிறோம். தமிழில் சொல்ல நமக்கே கூச்சம். தொடாமலேயே, கைபேசித் திரை வழியாக நடக்கிற கொடுமைக்கு அந்த வாய்ப்பாடு பொருந்தவும் செய்யாது. 2020இல் பள்ளிக்கூடம் கைபேசிக்குள் போனபோது கடன் வாங்கியாவது கைபேசி வாங்கிக்கொடுத்த வீடுகள் இங்கே எத்தனையோ. கருவி வீட்டுக்குள் வந்தது. அதில் நடப்பதைச் சொல்லும் மொழி வரவில்லை.

6

செயல்பாட்டாளர்கள் இந்த இடத்தில் ஒரு சந்தேகத்தை எழுப்புவார்கள். எழுப்ப வேண்டியதும்தான். குழந்தைப் பாதுகாப்பு என்ற பேரில் அரசுக்கு எல்லாருடைய கடிதத்தையும் பிரித்துப் படிக்கிற அதிகாரத்தைக் கொடுத்துவிட மாட்டோமா?

தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களிடம் இதற்கு அனுபவ ஞானம் இருக்கிறது. 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் எதிர்ப்பில் 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டபின், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தையே துண்டித்தார்கள். கோவில்பட்டியும் அதில் அடங்கியதுதான். ஐ.நா. உடன்படிக்கை மீது மனித உரிமை அமைப்புகள் வைக்கிற விமர்சனமும் இதுவே. குழந்தைகள் பற்றிய 14, 15ஆம் பிரிவுகளை முன்னால் நிறுத்தி, பின்னால் வேறு குற்றங்களுக்கும் நாடுவிட்டு நாடு ஆதாரம் கேட்கும் அகலமான அதிகாரத்தை அது திறந்துவிடுகிறது என்கிறார்கள். 2023 டிசம்பரில் மெட்டா நிறுவனம் மெசஞ்சர் உரையாடல்களை முழு மறைகுறியாக்கத்துக்கு மாற்றத் தொடங்கியது. 2024இல் வர்ஜீனியா மையத்துக்கு வந்த அறிக்கைகள் 2 கோடியே 5 லட்சமாகக் குறைந்தன. அறிக்கைகளைத் தொகுத்து அனுப்பும் புதிய முறையும் அந்தக் குறைவுக்கு ஒரு காரணம். ஆனாலும் முரண் உண்மையானது. போராளியின் ரகசியத்தைக் காக்கிற பூட்டுதான் வேட்டைக்காரனின் ரகசியத்தையும் காக்கிறது.

இந்த முரணுக்கு உடனடித் தீர்வு கிடையாது. ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு விஷயத்தையே போலீஸிடமும் நிறுவனங்களிடமும் விட்டுவிடுவது அரசியல் ஆகாது. எந்த அளவுக்குப் பிள்ளை தானாக வாய்திறந்து சொல்லவும், கேட்கவும், நம்பவும் ஓர் ஊர் தயாராக இருக்கிறதோ, அந்த அளவுக்கு எல்லாருடைய கடிதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிற வாதம் பலவீனப்படும். காது இல்லாத ஊரில்தான் கண்காணிப்புக் கண்ணுக்குக் கிராக்கி அதிகம்.

7

'பயிற்சி' என்ற சொல்லையும் கொஞ்சம் கட்டவிழ்த்துப் பார்க்க வேண்டும். இப்போதைய ஏற்பாட்டில் அறிவு மேலேயிருந்து கீழே வருகிறது. அங்கே நிபுணர், இங்கே பயனாளி. இந்தியா 2022இல் 68ஆவது நாடாக இண்டர்போலின் குழந்தைகள் பாலியல் சுரண்டல் படக் கோப்பில் இணைந்தது. அதன் பலன் உண்மையானது. 2023 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் ஆய்வு மாணவரை சி.பி.ஐ. கைது செய்தது அந்தக் கோப்பில் கிடைத்த படங்களிலிருந்து தொடங்கித்தான். பல ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாதது, உலகக் கோப்பு வழியாக வெளிவந்தது. இந்தத் தொழில்நுட்பத்தைக் கொச்சைப்படுத்துவது நம் வேலை அல்ல.

ஆனால் படத்திலிருந்து பிள்ளையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? யூரோபோல் 2017இல் தொடங்கிய ஒரு முயற்சி இதற்குப் பதில் சொல்கிறது. குழந்தையை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு, படத்தின் பின்புலத்தில் இருக்கும் பொருளை மட்டும் பொதுமக்கள் முன் வைக்கிறார்கள். ஒரு பை, ஒரு சட்டைத் துணி, ஒரு பாட்டில். 'இது எந்த ஊர்ச் சாமான், தெரியுமா?' என்று கேட்கிறார்கள். ஆக, கடைசியில் நிபுணனுக்கே உள்ளூர்க் கண் தேவைப்படுகிறது.

இதை நம் மண்ணில் வைத்து யோசித்துப் பாருங்கள். சுவரில் தொங்குகிற சிவகாசித் தினசரிக் காலண்டரின் அடியில் நகைக்கடை பேரும் ஊர்ப் பேரும் இருக்கும். தரையில் கிடக்கிற தீப்பெட்டி லேபிள் எந்த ஊர் ஆபீஸ் என்று பெட்டி ஒட்டுகிற பெண்ணுக்குப் பார்த்தவுடன் தெரியும். பள்ளிச் சீருடைக் கட்டம், ரேஷன் கடைப் பை, கடலைமிட்டாய்க் காகிதம், ஓட்டுச் சாய்ப்பின் கட்டு, கரிசல் மண் வெடித்துக் கிடக்கிற முற்றம். இவையெல்லாம் உலகத்தின் எந்த மென்பொருளையும்விட இங்குள்ள சனங்களுக்கு நன்றாகப் படிக்க வருகிற எழுத்துகள். பிரதியை வாசிப்பது பற்றி இத்தனை காலம் பேசியிருக்கிறோம். இப்படியொரு வாசிப்பும் இருக்கிறது. அதில் தீப்பெட்டி ஆபீஸ் அக்காதான் பேராசிரியர், இண்டர்போல்தான் மாணவர்.

அப்படியானால் பயிற்சி யாருக்கு என்ற கேள்வியும் மாறுகிறது. மாவட்டத் தலைநகரத்து சைபர் குற்றக் காவல் நிலையத்தோடு அது நின்றுவிடக் கூடாது. கோவில்பட்டி அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் வாங்குகிற பெண் காவலருக்கு, 'நீ ஏம்மா போட்டோ அனுப்புனே' என்று கேட்காமல் இருக்கத் தமிழில் பயிற்சி வேண்டும். கைபேசி பழுதுபார்க்கிற கடைக்காரர், டியூசன் எடுக்கிறவர், வேன் டிரைவர், கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் சுயஉதவிக் குழு இவர்களுக்கு வேண்டும். 1098 என்று ஓர் எண் இருப்பதைச் சுவரில் எழுதினால் போதாது; கூப்பிட்டால் திட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். இதற்கு மாநாட்டு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தை உழைப்புக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டும் நாடகமும் பழகிய கைகள் இருக்கின்றன.

எழுதுகிறவர்களால் உடனே செய்ய முடிகிற காரியம் ஒன்று உண்டு. இனி ஒரு வரியிலும் 'குழந்தை ஆபாசப்படம்' என்று எழுதாமல் இருப்பது. 'குழந்தைப் பாலியல் சுரண்டல் பதிவு' என்பது வாய்க்கு வரவில்லை, நீளமாக இருக்கிறது என்றால், இதைவிடச் சுருக்கமாக, கோவில்பட்டிச் சந்தையில் சொன்னாலும் புரிகிற மாதிரி ஒரு சொல்லை உருவாக்குவது. சொல் உண்டாக்குவதுதானே நம் தொழில்? ஒத்தாசையைச் சுரண்டலாக மாற்றிக் காட்டிய மண் இது. அந்தப் பழைய சொல்லின் நிழலுக்குள் இந்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவது எப்படி என்பது பற்றித் தோழர்கள் எழுத வேண்டும். மறுத்தும் எழுதலாம். மௌனம் மட்டும் கூடாது. இந்தத் தொழிலில் லாபம் பார்க்கிறவன் நம்மிடம் கேட்பது அதைத்தான்.